மஸ்கட்டும் ராஸ் அல் கைமாவும் மோதிய காலம்

அன்புள்ள மகளுக்கு,

கல்லூரி நூலகத்தில் பழைய ஆங்கிலேய வரைபடம் ஒன்றைப் பார்த்ததாகவும், நாங்கள் குடியிருக்கும் இந்தக் கரையின் மேல் ‘கடற்கொள்ளையர் கரை’ என்று அச்சிட்டிருந்ததாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பெயர் உண்மைதானா என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லித் தீர்க்கிற கேள்வி இல்லை இது. நீ வரலாறு படிக்கிற பெண். இதை விரிவாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொள்ளை நடந்தது உண்மை. ஆனால் அதற்கு அடியில் ஒரு போர் இருந்தது. மஸ்கட்டை ஆண்ட அல் பு சைதி குடும்பத்துக்கும், ராஸ் அல் கைமாவையும் ஷார்ஜாவையும் ஆண்ட காசிமிகளுக்கும் இடையே இரண்டு தலைமுறைக்கு மேல் நீடித்த போர் அது. அந்தப் போரைச் சொல்லாமல் கொள்ளையை மட்டும் சொன்னால், கிழக்கிந்தியக் கும்பெனி எழுதி வைத்த கதையை நாம் திருப்பிச் சொல்வதாகிவிடும்.

முதலில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள். வளைகுடா கிட்டத்தட்ட மூடிய கடல். இந்தியப் பெருங்கடலிலிருந்து உள்ளே வர ஹோர்முஸ் நீரிணை என்ற ஒரே வழிதான். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வளைகுடாவின் மறு கோடியில் பாஸ்ரா. இந்தியாவிலிருந்து அரிசி, துணி, மிளகு, கப்பல் கட்டத் தேக்கு எல்லாம் இந்த வழியாகத்தான் உள்ளே போகும். பேரீச்சம்பழம், முத்து, குதிரை வெளியே வரும். நம் காயலில் பாண்டியர் காலத்தில் வந்து இறங்கிய குதிரைகளும் பெரும்பாலும் இந்தக் கடலிலிருந்து ஏற்றப்பட்டவைதான். இந்த வாசலில் யார் உட்கார்ந்து சுங்கம் வாங்குவது? சண்டை அதற்காகத்தான். மஸ்கட் வாசலுக்கு வெளியே இருக்கிறது, ராஸ் அல் கைமா வாசலுக்கு உள்ளே. இரண்டு ஊருக்கும் கப்பல்கள் உண்டு, மாலுமிகள் உண்டு, பயிர் விளையும் நிலம் மட்டும் போதாது. கடல்தான் சோறு.

பகையின் வேர் ஓமானின் உள்நாட்டுப் போரில் இருக்கிறது. போர்த்துகீசியரை 1650-இல் மஸ்கட்டிலிருந்து விரட்டியது யஅரிபா வம்சம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வம்சத்துக்குள்ளேயே பட்டத்துக்குச் சண்டை வந்தது. நாட்டின் குலங்கள் எல்லாம் ஹினாவி, காஃபிரி என்று இரண்டு அணியாகப் பிரிந்தன. ராஸ் அல் கைமாவின் காசிமித் தலைவர்கள் காஃபிரி அணியில் நின்றார்கள். அப்போது இரண்டாம் சைஃப் பின் சுல்தான் என்ற இமாம், எதிரிகளை அடக்கப் பாரசீகத்தின் நாதிர் ஷாவிடம் உதவி கேட்டார். 1737-இல் பாரசீகப் படை வந்து இறங்கியது. வந்த படை திரும்பிப் போக மனமில்லாமல் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டது. ஸோஹார் கோட்டையில் முற்றுகையைத் தாங்கி நின்று அவர்களை வெளியேற்றியவர் அந்த ஊர் ஆளுநர் அகமது பின் சயீத். அவரே பின்பு இமாமானார். இன்று ஓமானை ஆளும் குடும்பம் அவர் வழிவந்ததுதான்.

இந்த இடத்தைக் கோடிட்டு வைத்துக்கொள். வெளியாரை அழைத்தால் என்ன ஆகும் என்பதை ஓமான் ஒரு முறை ரத்தம் சிந்திப் பார்த்துவிட்டது. அறுபது ஆண்டு கழித்து அகமதுவின் சொந்த மகனே மறுபடியும் வெளியாருக்குக் கதவைத் திறந்தார். நான் இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் மனம் கசந்து போவது இங்கேதான்.

நாதிர் ஷா 1747-இல் கொல்லப்பட்டதும் பாரசீகக் கரையில் அதிகாரம் சிதறியது. காசிமிகள் அக்கரைக்கும் போய் லிங்கே துறைமுகத்தில் கால் ஊன்றினார்கள். இரு கரையிலும் ஆட்கள் இருந்ததால் வளைகுடாவின் கீழ்ப்பகுதி அவர்கள் கைக்குள் வந்தது. மஸ்கட்டும் சும்மா இருக்கவில்லை. 1792-இல் அதிகாரத்துக்கு வந்த சுல்தான் பின் அகமது, பந்தர் அப்பாஸைப் பாரசீகத்திடம் குத்தகைக்கு எடுத்தார், ஹோர்முஸ், கிஷ்ம் தீவுகளில் ஆட்களை வைத்தார், பஹ்ரைனைப் பிடிக்கப் படை அனுப்பினார். வளைகுடாவுக்குள் போகும் கப்பல் எல்லாம் மஸ்கட்டில் நின்று சுங்கம் கட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். தங்கள் கப்பலில் நேரே இந்தியாவுக்குப் போய்வந்த காசிமிகள் அதை ஏற்பார்களா?

இப்போது நம் ஊர்க் கதை இங்கே வந்து சேர்கிறது. அப்போது மஸ்கட்டுக்கு நெருங்கிய வாணிப நண்பர் யார் தெரியுமா? மைசூரின் திப்பு சுல்தான். மங்களூரிலிருந்து அரிசியும் மிளகும் சந்தனமும் மஸ்கட்டுக்குப் போயின. அங்கே திப்புவின் வாணிபக் கிடங்கே இருந்தது. 1798-இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கியதும் கும்பெனிக்குக் கிலி பிடித்தது. பிரெஞ்சுக்காரன் செங்கடல் வழியாகவோ வளைகுடா வழியாகவோ வந்து திப்புவோடு சேர்ந்துவிட்டால்? 1798 அக்டோபர் 12 அன்று மஸ்கட்டோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது: பிரெஞ்சுக்காரருக்கும் டச்சுக்காரருக்கும் மஸ்கட் ஆட்சிப் பகுதியில் இடம் கொடுக்கக் கூடாது. கும்பெனியின் பயம் வெறும் கற்பனை இல்லை. 1799 ஜனவரியில் நெப்போலியன் மஸ்கட் ஆட்சியாளருக்குக் கடிதம் எழுதி, அதோடு திப்புவுக்கு ஒரு கடிதத்தையும் வைத்து அனுப்பினார். அது வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அதே ஆண்டு மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது, திப்பு மாண்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1800 ஜனவரியில் கும்பெனியின் தூதர் ஜான் மால்கம் மஸ்கட்டில் வந்து இறங்கி, இரு நாட்டு நட்பு சூரிய சந்திரர் உள்ளவரை நிலைக்கும் என்ற வாசகத்தோடு இரண்டாவது ஒப்பந்தத்தை எழுதினார். இந்தத் தேதிகளைத் தனித்தனிப் பாடமாகப் படிக்காதே. ஒரே கும்பெனி, ஒரே பதினாறு மாதம்.

அந்த ஒப்பந்தப்படி மஸ்கட்டில் நிரந்தரமாகத் தங்க கும்பெனி முதன்முதலில் அமர்த்திய ஆள் படைத்தலைவர் அல்லர், போகிள் என்ற மருத்துவர். அவர் அதே ஆண்டு இறந்துபோனார். மஸ்கட் வெயில் அவருக்குப் பின் வந்தவர்களையும் விடவில்லை. ஆனால் கும்பெனி ஆள் அனுப்புவதை நிறுத்தவில்லை.

அடுத்த நான்கு ஆண்டில் நடந்ததைப் பார். 1804 நவம்பரில் சுல்தான் பின் அகமது பாஸ்ராவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பெரிய கப்பலை விட்டிறங்கிச் சிறு படகு ஒன்றில் பந்தர் அப்பாஸ் பக்கம் போகையில், லிங்கேக்கு அருகே காசிமிப் படகுகள் எதிர்ப்பட்டன. விடியும் வரை இருப்போம், பிறகு சண்டை என்று இரு தரப்பும் காத்திருந்ததாகச் சொல்கிறார்கள். நடந்த மோதலில் துப்பாக்கிக் குண்டு பட்டு சுல்தான் இறந்தார். அடுத்து யார் என்று மஸ்கட்டில் குழப்பம். சுல்தானின் சகோதரர் மகனான பத்ர் பின் சைஃப் கொஞ்ச காலம் அதிகாரம் செலுத்தினார். 1806-இல் சுல்தானின் மகன் சயீத், பத்ரைக் கொன்றுவிட்டுத் தானே ஆட்சியை எடுத்துக்கொண்டார். அப்போது அவர் இன்னும் இளைஞர். அதிலிருந்து 1856 வரை ஐம்பது ஆண்டு ஆண்டார்.

சயீதுக்கு இரண்டு பகை. கடலில் காசிமிகள். தரையில், அரேபியாவின் நடுப்பகுதியான நஜ்திலிருந்து ஓமான் எல்லையிலுள்ள புரைமி வரை வந்துவிட்ட முதல் சவூதி அரசு. தரையா நகரைத் தலைநகராகக் கொண்ட அந்த அரசோடு காசிமிகள் சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்தார்கள் என்பதில் பாதிதான் சரி, அடங்கவும் வேண்டியிருந்தது. காசிமித் தலைவர் சுல்தான் பின் சக்ரையே 1809 வாக்கில் தரையாக்காரர்கள் பதவியிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் எப்படியோ தப்பி, கடைசியில் யாரிடம் அடைக்கலம் போனார் தெரியுமா? பரம எதிரியான மஸ்கட் சயீதிடம். ராஸ் அல் கைமாவில் அப்போது அதிகாரம் செலுத்தியவர் ஹசன் பின் ரஹ்மா. ஆக, காசிமிகள் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே மனிதர் பேச்சைக் கேட்ட கூட்டம் இல்லை.

கொள்ளைக்கு வருகிறேன். காசிமிகள் கப்பல்களைப் பிடித்தார்கள், சரக்கை எடுத்தார்கள், எதிர்த்தவர்களைக் கொன்றார்கள். 1808-இல் பிடிபட்ட மினெர்வா கப்பலில் உயிர்கள் போயின. இறந்தவர்களில் இந்திய மாலுமிகளும் உண்டு என்னும்போது இதை மூடி மறைப்பது நியாயமில்லை. ஆனால் மஸ்கட்டோடு போர் நடக்கும்போது மஸ்கட் சரக்கை ஏற்றிய கப்பல் எதிரிக் கப்பல் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதே கணக்கில்தான் ஒருவர் கப்பலை ஒருவர் பிடித்தார்கள். அதற்கு அரசாங்க உரிமச் சீட்டே கொடுத்தார்கள். மேலும், 1805-இல் கும்பெனியின் மஸ்கட் பிரதிநிதி டேவிட் சீட்டன், காசிமிகளுக்கு எதிரான மஸ்கட் படையெடுப்பில் தானும் கூடவே போனார். நடுநிலையாளர் என்று சொல்லிக்கொண்டவர் ஒரு பக்கம் போய் நின்ற பிறகு, மறு பக்கத்தார் அவரை எப்படிப் பார்ப்பார்கள்? அப்படியிருந்தும் 1806 பிப்ரவரியில் காசிமிகள் கும்பெனியோடு பந்தர் அப்பாஸில் சமாதானம் எழுதினார்கள். அது அதிக காலம் நிற்கவில்லை.

1809 நவம்பரில் பம்பாயிலிருந்து முதல் படையெடுப்பு வந்தது. ராஸ் அல் கைமாவில் இறங்கி, ஊரை எரித்து, கரையில் இழுத்து வைத்திருந்த கப்பல்களையும் ஐம்பதுக்கு மேல் எரித்துவிட்டுப் போனார்கள். கப்பலை எரித்தால் தீர்ந்துவிடும் என்று எண்ணினார்கள். மலபாரிலிருந்து தேக்கு வரும்வரை கப்பலும் வரும். சில ஆண்டிலேயே காசிமிகள் மீண்டும் கடலில் இருந்தார்கள்.

பத்து ஆண்டு கழித்து வந்தது வேறு மாதிரியான படை. இடையில் இரண்டு மாற்றம் நடந்திருந்தது. 1818-இல் எகிப்தின் இப்ராஹிம் பாஷா தரையாவைத் தரைமட்டமாக்கினார், காசிமிகளின் தரைப்பக்கத் துணை போயிற்று. அதே 1818-இல் மராத்தியரின் கடைசிப் போர் முடிந்து, பம்பாயின் படைகளுக்குக் கை ஓய்வானது. 1819 டிசம்பர் தொடக்கத்தில் ஆங்கிலேயத் தளபதி வில்லியம் கெயர் கிராண்ட் ஏறத்தாழ 3,000 பேரோடு ராஸ் அல் கைமா முன் நின்றார். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்தியச் சிப்பாய்கள். மஸ்கட் சயீதும் இரண்டு போர்க்கப்பலோடு நேரில் வந்து சேர்ந்துகொண்டார். ஆறு நாள் பீரங்கி அடித்தபின் ஊர் விழுந்தது. ஆங்கிலேயர் தரப்பில் இறந்தவர் ஐந்து பேர். தன் தரப்பில் 300 பேர் என்று ஹசன் பின் ரஹ்மா சொன்னார்.

ஊருக்கு வடக்கே ரம்ஸ் பக்கம் தாயா என்ற இடத்தில் ஒரு கோட்டை இருக்கிறது. தனித்து நிற்கும் செங்குத்தான பாறைக் குன்று, உச்சியில் களிமண் சுவரும் இரண்டு காவல் கோபுரமும். இப்போது ஏறப் படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் அடர்ந்த பேரீச்சந்தோப்பு, அதற்கு அப்பால் சேற்றுக் கழியும் கடலும். கோட்டையின் உள்ளளவு மிகச் சிறியது, நம் ஊர்க் கல்யாண மண்டபம் அளவுகூட வராது. நிழல் இல்லை, கிணறு இல்லை. ராஸ் அல் கைமா விழுந்த பிறகு இந்த இடத்துக்குள் 398 ஆண்களும், பெண்களும் பிள்ளைகளுமாக மேலும் 400 பேரும் அடைந்து கிடந்தார்கள். ஆங்கிலேயரின் சிறு பீரங்கிகள் அந்தக் குன்றிடம் பலிக்கவில்லை. மூன்று நாள் தாங்கினார்கள். அதன்பின் லிவர்பூல் போர்க்கப்பலிலிருந்து 24 ராத்தல் குண்டு போடும் இரண்டு பீரங்கிகளை இறக்கி, கழியின் வழியாகவும் தோப்பின் வழியாகவும் ஆட்களைக் கொண்டே இழுத்து வந்தார்கள். அவை சுடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில், டிசம்பர் 22 காலை, வெள்ளைக்கொடி ஏறியது. இறங்கி வந்த 398 ஆண்களில் போர்வீரர் என்று அடையாளம் காணப்பட்டவர் 177 பேர்தான். மற்றவர்கள் ஆடு மேய்த்தவர்களும் தோப்பில் பாடுபட்டவர்களும். கொள்ளையர் கூண்டோடு பிடிபட்டார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் இந்த எண்ணை அதன் பக்கத்தில் எழுதி வை.

1820 ஜனவரி 8 அன்று பொதுக் கடல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சில வாரங்களுக்குள் ராஸ் அல் கைமா, ஷார்ஜா, துபாய், அபுதாபி, அஜ்மான், உம் அல் குவைன், பஹ்ரைன் ஷேக்குகள் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். கடலில் கொள்ளை கூடாது, நட்பு அரபுக் கப்பல்கள் சிவப்பும் வெள்ளையுமான கொடி ஏற்ற வேண்டும், அடிமைகளைக் கடத்துவதும் கொள்ளையே ஆகும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. அடிமை வாணிபத்தைக் கண்டித்த வரி நல்ல வரிதான், மறுக்கவில்லை. அந்தச் சிவப்பு வெள்ளை நிறங்களை இன்றும் துபாய், அபுதாபி, ஷார்ஜா, ராஸ் அல் கைமா, அஜ்மான் கொடிகளில் பார்க்கலாம்.

இதற்குள் நம்மவர் பட்டபாட்டையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ராஸ் அல் கைமாவில் காவலுக்கு விடப்பட்டவர்கள் சிப்பாய்கள். சில மாதத்தில் மிச்சமிருந்த ஊரையும் தகர்த்துவிட்டு அவர்களைக் கிஷ்ம் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1820 நவம்பரில், சயீதுக்கு அடங்காத பனி பு அலி குலத்தை அடக்க, ஓமானின் உள்நாட்டுப் பகுதியான ஜஅலானுக்கு அவர்களைக் கூட்டிப்போனார் தாம்சன் என்ற அதிகாரி. வாளோடு பாய்ந்து வந்த அந்தக் குலத்தார் படையைச் சிதறடித்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர், சயீதும் காயம்பட்டார். மஸ்கட்டின் உள்நாட்டுச் சண்டையில் கும்பெனிக்காக இந்தியன் செத்தான். மறு ஆண்டு பெரிய படை வந்து அந்தக் குலத்தை அழித்துப் பழி தீர்த்தது.

சரி, யார் வென்றது? காசிமிகள் தோற்றார்கள் என்பது தெரிகிறது. 1835-இல் முத்துக்குளிப்புக் காலத்தில் மட்டும் சண்டையில்லை என்று ஓர் உடன்படிக்கை, 1853-இல் அதையே நிரந்தரமாக்கி இன்னொன்று, 1892-இல் பிரிட்டனைத் தவிர வேறு எந்த அரசோடும் பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது என்று மூன்றாவது. முத்துக்குளிப்பவர்களுக்குக் கடலில் அமைதி கிடைத்தது பெரிய நன்மை. தூத்துக்குடிக் கரையில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அமைதிக்கு விலையாகத் தங்கள் ஊர் விவகாரத்தைத் தாங்களே பேசும் உரிமையைக் கொடுத்தார்கள். 1971 டிசம்பர் 2 அன்று ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தபோதுதான் அது திரும்பக் கிடைத்தது. ராஸ் அல் கைமா 1972 பிப்ரவரியில்தான் அதில் சேர்ந்தது.

வென்ற மஸ்கட்? சயீதுக்குக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பெரிய ராஜ்யம் இருந்தது, சான்சிபாரிலேயே தங்கி ஆண்டார். 1856-இல் கடல் பயணத்தில் இறந்தார். மகன்களுக்குள் சண்டை. மஸ்கட்டுக்கு ஒருவர், சான்சிபாருக்கு ஒருவர். பஞ்சாயத்துப் பண்ணியவர் யார்? இந்தியாவின் வைஸ்ராய் கேனிங் பிரபு. 1861-இல் அவர் ராஜ்யத்தை இரண்டாக வெட்டினார். சான்சிபார் மஸ்கட்டுக்கு ஆண்டுக்கு 40,000 வெள்ளி நாணயம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. 1890-இல் சான்சிபார் பிரிட்டனின் பாதுகாப்புக்குள் போனது. சூரிய சந்திரர் உள்ளவரை என்று எழுதிய நட்பின் பலன் அது. நம் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் கதையும் இதுவே. பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபை வெல்லக் கும்பெனியைக் கூப்பிட்டார், வென்றார், கடனில் மூழ்கினார். 1801-இல் அவர் வாரிசிடமிருந்து கர்நாடகத்தையே கும்பெனி எடுத்துக்கொண்டது.

ஒப்பந்தங்களுக்குப் பின் இந்த வளைகுடாக் கரையை லண்டன் நேரடியாக ஆளவில்லை. பம்பாயும், பிறகு இந்திய அரசாங்கமும் 1947 வரை இதன் விவகாரங்களைப் பார்த்தன. 1966 வரை இங்கே புழங்கியது ரூபாய்தான். 1959 முதல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டை நம் ரிசர்வ் வங்கி அச்சடித்துக் கொடுத்தது. அப்பாவிடம் சொல், அவருக்குப் பழைய நோட்டுகளில் ஆசை.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: காசிமிகள் வெறும் கொள்ளையர் அல்லர், போரில் தோற்றவர்கள். போரின்போது அவர்கள் செய்த கொடுமைகள் கொடுமைகள்தான். ஆனால் அதே போரில் மறுபக்கம் நின்றவர் செய்ததற்கு யாரும் வரைபடத்தில் பெயர் வைக்கவில்லை. ஷார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் பின் முகமது அல் காசிமி, எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக பம்பாய் ஆவணங்களைத் தோண்டி இதை வாதிட்டார். 1986-இல் அது புத்தகமாக வந்தது. சார்லஸ் டேவிஸ் என்பவர் 1997-இல் அதை மறுஆய்வு செய்து, இரு பக்கமும் எடைபோட்டு ஒரு புத்தகம் எழுதினார். காசிமி எழுதியது காசிமிகளைப் பற்றி என்பதை மறக்காமல் இரண்டையும் சேர்த்துப் படி. உன் நூலகத்தில் இல்லாவிட்டால் நான் வாங்கி அனுப்புகிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை செய். திருநெல்வேலியிலிருந்து கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் ஒரே நாளில் போய்வரலாம். இரண்டு ஊரையும் பார். இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு எப்படி முற்றியது, கும்பெனி அதற்குள் எப்படி நுழைந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடமும் கேள். பிறகு அந்தப் போரை எட்டயபுரத்துக்காரர் பக்கம் நின்று எழுதி எனக்கு அனுப்பு. கட்டபொம்மன் பக்கம் நின்று எழுதுவது உனக்கு எளிது, அதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் சித்தப்பா
ராஸ் அல் கைமா